அமர்த்தாத அழுகை

என் அம்மா செத்ததற்கு நான் அழவில்லை. அழத் தெரியாதவள் இல்லை நான். பள்ளங்கியில் யார் வீட்டில் கேதம் விழுந்தாலும் முதல் ஆள் என்னைத் தேடித்தான் வரும். வடிவு வந்து ஒப்பாரி எடுத்தால்தான் செத்தவருக்கே தான் செத்தது நிச்சயமாகும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்ட என்னை, பெற்ற தாயின் சாவுக்கே அழவிடாமல் செய்தவன் என் அண்ணன் மயில்சாமி. அவன் விளங்குவானா என்று நான் வயிறெரியாத நாளே கிடையாது.

அண்ணனுக்குப் பெருமாள்மலையில் காய்கறி லாரிகளுக்கு மூட்டை ஏற்றிவிடுகிற சோலி. அவனும் என் வீட்டுக்காரர் பொன்னுவேலும் ஒரு கல்யாணப் பந்தியில் யார் முதலில் உட்காருவது என்று வாய்ச்சண்டை போட்டார்கள். வாய் கையாகி, கை பல்லாகி, அண்ணனுக்கு முன்பல் ஒன்று போனது. பல்லை உடைத்தது என் புருஷன். பேச்சை முறித்துக்கொண்டது என்னிடம். ஆம்பிளைகள் ஞாயம் அப்படித்தான் இருக்கும்.

அதற்கு அடுத்த ஐப்பசியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். வத்தலக்குண்டு வரைக்கும் ஆள் விட்டுச் சொன்னவன், கூப்பிடு தூரத்தில் இருக்கிற பள்ளங்கிக்குப் பிணத்தை எடுத்த பிறகுதான் சேதி அனுப்பினான். கொட்டுகிற மழையில் பெருமாள்மலைக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருந்து அவன் குரல் மட்டும் வந்தது. "எல்லாம் முடிஞ்சுபோச்சு. பல்லை ஒடைச்சவன் பொண்டாட்டிக்கு இங்க என்ன சோலி கெடக்கு?" நனைந்துகொண்டே நின்றேன். அப்புறம் திரும்பி வந்துவிட்டேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த வீட்டுச் சாவில் பெண் தானாக அழுகையை நிறுத்தக் கூடாது. கூடப் பிறந்தவனோ அவன் மகனோ வந்து, 'போதும் தாயி' என்று சொல்லித் தண்ணீர் கொடுக்க வேண்டும். அதைக் குடித்துவிட்டு, பிறந்த வீட்டை வாழ்த்தி நாலு அடி பாடி, அவள் எழுந்துகொள்வாள். அதற்கு அழுகை அமர்த்துவது என்று பெயர். அமர்த்துகிறவரை அவள் யாரை வேண்டுமானாலும் ஏசலாம், சாபம் விடலாம். தண்ணீர் உள்ளே போனதும் எல்லாம் கரைந்துவிடும். யாரும் அமர்த்தவில்லை என்றால் சொன்ன சொல் சொன்னபடி நிற்கும். அம்மா செத்து ஏழெட்டு வருஷம், அந்தத் தண்ணீருக்காகத்தான் என் தொண்டை காய்ந்துகொண்டிருந்தது.

அறுபத்திரண்டில், மழை விட்ட கையோடு, மெட்ராஸிலிருந்து மூன்று வாத்தியார்கள் வந்தார்கள். செண்பகனூரில் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு தினமும் ஜீப்பில் எங்கள் சரிவுக்கு இறங்குவார்கள். ஜீப் ஒன்று, வாத்தியார் மூன்று. அந்த ஜீப் யாருக்கு என்பதிலேயே காலையில் பாதிப் பொழுது போய்விடும்.

ஒருவர் கல்வாத்தியார். எங்கள் தோட்டத்துக்கு மேலே பலகைக்கல்லை நிறுத்திக் கூரை போட்ட மாதிரி பழைய கல்வீடுகள் இருக்கின்றன. அதைச் சுற்றிக் கயிறு கட்டி, மண்ணைத் தேநீர் வடிகட்டுகிற மாதிரி சலித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் மண்டை வாத்தியார். இரும்பு இடுக்கி ஒன்று வைத்திருந்தார். அதை வைத்து ஊர்க்காரர்கள் தலையையும் மூக்கையும் அளந்தார். மூக்கின் அகலத்தைப் பார்த்து நாங்கள் என்ன இனம் என்று கண்டுபிடிப்பாராம். என் மாமியாரிடம் கேட்டிருந்தால் மூக்கை அளக்காமலே யார் யார் என்ன இனம் என்று ஒரு மணி நேரம் ஏசிக் காட்டியிருப்பாள்.

மூன்றாவது ஆள் இராமலிங்கம். ஒல்லி மனிதர், குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு இருமிக்கொண்டே இருப்பார். அவரிடம் பேட்டரியில் ஓடுகிற டேப் பெட்டி இருந்தது. நாம் பேசினால் அது விழுங்கிவைத்துக்கொண்டு திரும்பப் பேசும்.

"நீங்க மூணு பேரும் ஒரே சோலியாத்தான் வந்தீங்களா சார்?" என்று அவரிடம் கேட்டேன்.

"இல்லைம்மா. விஞ்ஞானத்துல நெறைய கிளை இருக்கு. அவர் தொல்பொருள். இவர் மானிடவியல். நான் மொழி. உங்க பண்பாட்டை ஆளுக்கொரு பக்கமா ஆராய்ச்சி பண்றோம்."

எனக்கு அது ஓர் ஆட்டை மூன்று பேர் கூறு போடுவதாகத்தான் காதில் விழுந்தது. ஆட்டிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஜீப்பைக் கண்டால் பல்லெல்லாம் தெரியும். அவர்களுக்குச் சாமான் தூக்கப் போனவர், "என் வீட்டுக்காரி ஒப்பாரி எடுத்தா கேக்குறவன் குடலு கலங்கிப்போகும் சார்" என்று உளறிவைத்துவிட்டு வந்தார். மறுநாள் இராமலிங்கம் பெட்டியோடு என் வாசலில் நின்றார். ஒப்பாரி பாட வேண்டுமாம். வீட்டுக்குள் உட்கார்ந்து, குத்துக்கல்லாட்டம் புருஷன் பக்கத்தில் நிற்க, ஒப்பாரி பாட வேண்டுமாம்.

விளக்குமாறு கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. "யாரு சார் செத்துட்டா? இந்தா நிக்கிறாரே, இவரைக் கொன்னுட்டுப் பாடவா?" என்றேன்.

"சும்மா ஒரு மாதிரிக்குத்தாம்மா. பாவனையாப் பாடினா போதும்."

"பாவனையா எழவு கூட்டுறதுக்கு எங்க வீடுதான் கெடைச்சுதா? வெரசா எடத்தக் காலி பண்ணுங்க."

போனார். ஆனால் விடவில்லை. நான் பூண்டுக் காட்டில் களை எடுக்கிறபோதெல்லாம் வரப்பில் வந்து நின்று இருமுவார். ஒரு நாள், கல்வாத்தியார் மேலே இருந்து யாருக்கோ கத்திச் சொல்வது கேட்டது. "இதெல்லாம் வீடு இல்லைய்யா. அந்தக் காலத்து ஆளுங்க, செத்தவங்களை வெச்ச எடம்."

எனக்குச் சுருக்கென்றது. அது கல்வீடு இல்லை, சாவுவீடு. அங்கே உட்கார்ந்து அழுதால் என் வீட்டுக்கும் தோஷம் இல்லை, யார் வீட்டுக்கும் இல்லை. என் அம்மா நிஜமாகவே செத்தவள். பாவனை ஒன்றும் வேண்டாம்.

"சார், நாளைக்கு வெள்ளனே பெட்டிய அந்தக் கல்லுகிட்ட கொண்டாங்க. எங்க ஆத்தாளுக்கு அழுவேன். ஊடால மட்டும் நிறுத்தப்படாது" என்றேன். அவர் மப்ளர் அவிழ்ந்து விழுகிற மாதிரி தலையாட்டினார்.

மறுநாள் காலை அந்தக் கல்லின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். வாயைத் திறந்ததுதான் தெரியும்.

'எண்ணெ வச்சுத் தலைசீவி
எனக்குப் பூ முடிஞ்ச கையி
மண்ணு வச்சு மூடயில
மகளுக்கொரு சேதியில்லே.'

அம்மாவுக்கு அழுது, அவள் கைக்கு அழுது, அவள் சீலைக்கு அழுது, கடைசியில் அண்ணனிடம் வந்து சேர்ந்தேன்.

'கூடப் பொறந்தவனே
கொட்டும் மழை நிக்கவச்சே
காடு போன ஆத்தா மொகம்
கண்ணுல நீ காட்டலியே.

நான் நின்ன வாசலிலே
நெருஞ்சி மொளைக்கட்டும்
நீ சாத்துன கதவுலதான்
நெடுங்கரையான் ஏறட்டும்.'

இதை அமர்த்த யார் இருக்கிறார்கள் என்று அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை. யோசிக்கிறவளுக்கு ஒப்பாரி வராது. இன்னும் உள்ளே கிடந்தது. அடுத்த அடிக்கு மூச்சை இழுத்தேன். தோளுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"போதும்மா. டேப்பு முடிஞ்சுபோச்சு."

போதும் என்று சொன்னது இராமலிங்கம். என் பிறந்த வீட்டு ஆம்பிளை சொல்ல வேண்டிய சொல்லை, எங்கிருந்தோ வந்த மனிதர், பெட்டியில் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே சொல்லிவிட்டார்.

"சார், இன்னும் முடியல. வாழ்த்து இருக்கு."

"பரவாயில்லைம்மா. வாழ்த்து எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் வரும். எங்கிட்ட நெறைய இருக்கு."

மூவரும் அங்கேயே சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். 'மொகம்' என்று நான் சொன்ன விதம் மொழிக்குச் சேர்ந்தது என்றார் இராமலிங்கம். அண்ணன் தங்கச்சி உறவு தன் கிளை, டேப்பில் ஒரு பிரதி வேண்டும் என்றார் மண்டை வாத்தியார். நீங்கள் இரண்டு பேரும் என் குழியை மிதித்து நாசம் பண்ணிவிட்டீர்கள் என்று கல்வாத்தியார் கத்தினார். நடுவில் நான் காலை நீட்டியபடி, மூக்கு ஒழுக, வாய் திறந்தது திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஒரு கிளையிலும் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. அமர்த்தாத சாபம் சொன்னபடி நின்றது. நிற்கட்டும், அவனுக்கு வேண்டும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நெருஞ்சி முளைக்கச் சொன்ன வாசல் அவன் ஒருத்தனுக்கா சொந்தம்? அது என் அம்மா சாணம் தெளித்த வாசல். அங்கே முள் முளைத்தால் அது யார் காலில் ஏறும்? இதை அமர்த்தினால் அவன்தான் அமர்த்த வேண்டும். அவனோ என் முகத்தில் முழிக்க மாட்டான். நானும் போய் நிற்க மாட்டேன். எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா?

இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரர் மூச்சிரைக்க வந்தார். "ஏ புள்ள, கெட்டுது குடி. அந்த மப்ளருக்காரரு பெருமாள்மலையில பஷீர் பாய் கடையில ஒக்காந்து ஒன் ஒப்பாரிய ஓடவிட்ருக்காரு. நெருஞ்சின்னா என்ன, கரையான்னா என்னன்னு கடைக்கு வந்தவுகளையெல்லாம் கேட்ருக்காரு. பாய் நிறுத்துங்க சார் நிறுத்துங்கன்னு சொல்லியும் கேக்கல. ஒன் அண்ணன் மூட்டையோட வந்து நின்னுட்டான்."

"கேட்டுட்டானா?"

"பஜாரே கேட்டுச்சு. நாளைக்குக் காலையில வாத்தியாருக சாமானெல்லாம் ஏத்திக்கிட்டு மலை எறங்குறாக. ஜீப்பு பெருமாள்மலை தாண்டாதுன்னு கடப்பாரையத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான்."

அவன் பெட்டியை உடைத்தால் என் அழுகை அதற்குள்ளேயே செத்துப்போகும். ஜீப் தப்பித்துப் போனால் அழுகை மெட்ராஸ் போய்ச் சேரும். அங்கே யாராவது ஓடவிடுகிறபோதெல்லாம் எங்கள் வாசலில் நெருஞ்சி முளைக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். எது நடந்தாலும் அப்புறம் அமர்த்த வழியில்லை.

மறுநாள் விடிந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஜீப்புக்குக் குறுக்கே ஒரு லாரி நின்றது. அண்ணன் கடப்பாரையோடு நடுரோட்டில் நின்றான். பேச்சு நின்ற நாளிலிருந்து அவனை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. தலை நரைத்திருந்தது. பல் போன இடம் போனபடியே இருந்தது.

"பெட்டிய எறக்குங்க. என் வீட்டு எழவ ஒங்களுக்கு யாரு விக்கச் சொன்னது?" என்று இரைந்துகொண்டிருந்தான்.

"இது ஆராய்ச்சிங்க. உங்க பண்பாட்டைப் பாதுகாக்கத்தான்..." என்று இராமலிங்கம் ஆரம்பித்தார்.

"ஏலே, என் மானத்தப் பஜார்ல விட்டது பண்பாடா?"

மண்டை வாத்தியார் ஜீப்புக்குள் இருந்தபடியே, போலீசுக்குச் சொல்லலாம் என்றார். கல்வாத்தியார், தன் பானை ஓடுகளை மட்டும் இறக்கி வைத்துவிட்டு அப்புறம் எதை வேண்டுமானாலும் உடைக்கட்டும் என்றார். படித்தவர்களின் ஒற்றுமை அந்த அழகில் இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடை வாசலுக்குப் போனேன். அண்ணன் என்னைப் பார்த்தான். உடனே பஷீர் அகமது பாயின் பக்கம் திரும்பிக்கொண்டான். "பாய், இவ எதுக்கு இங்க வந்தான்னு கேளுங்க."

"பாய், அழுகை அமரலைன்னு சொல்லுங்க. பாதியில நிக்கிதுன்னு சொல்லுங்க" என்றேன் நான்.

பாய் அந்தப் பஜாரில் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறவர். எங்கள் வழக்கம் எங்களைவிட அவருக்கு அத்துப்படி. அண்ணனுக்கு எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் தோள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டார்கள். அண்ணன் கையில் கடப்பாரை மெல்லச் சாய்ந்தது.

"அமரலையா? யாரும் நிறுத்தலையான்னு கேளுங்க பாய்."

"நிறுத்துனாரு. இந்தா, மப்ளரு சுத்திக்கிட்டு நிக்கிறாரே, இவருதான் போதும்னு சொன்னாரு. இவரு எனக்கு என்ன ஒறவு, அண்ணனா தம்பியான்னு அவருகிட்டயே கேளுங்க பாய்."

இராமலிங்கத்துக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. முகம் செத்துப்போனது. "அம்மா, எனக்குத் தெரியாது" என்றார். ஜீப்பிலிருந்து பெட்டியை அவரே தூக்கிவந்து கடை வாசலில் வைத்தார். மிச்சம் இருக்கிற ஒரே டேப்பு, பழனியில் வேறு வேலைக்கு வேண்டும் என்று மண்டை வாத்தியார் தடுத்தார். "கொஞ்சம் வாயை மூடுங்க சார்" என்றார் இராமலிங்கம். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது அந்த ஒரு வார்த்தைதான்.

நான் கடை வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். எந்த இடத்தில் விட்டேனோ அந்த இடத்தில் எடுத்தேன். நெருஞ்சியும் கரையானும் இப்போது அவன் முகத்துக்கு நேரே போயின. அதோடு விட்டேனா? உள்ளே மிச்சம் கிடந்ததெல்லாம் வந்தது. ஈரச்சீலையோடு திரும்பி நடந்த வழி வந்தது. வாசல் வரை வந்தும் ஆத்தா முகம் பார்க்காத மகள் வந்தாள். பஜாரில் ஒரு பெண்பிள்ளை மூக்கைச் சிந்தினாள். அண்ணன் அசையவில்லை. அமர்த்தினால், அன்றைக்கு அமர்த்தாதது தன் குற்றம் என்று ஊரறிய ஒப்புக்கொள்வதாகிவிடும். அமர்த்தாவிட்டால் நான் நிறுத்தப்போவதில்லை. பொழுது சாயும்வரை, மறுநாள்வரை, உயிர் போகும்வரை அவனை ஏசிக்கொண்டே இருப்பேன். அது அவனுக்கும் தெரியும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

பாய் கடைக்குள் போய் ஒரு தம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து அண்ணன் பக்கத்தில் பலகையில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

அண்ணன் தம்ளரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கடப்பாரையை ரோட்டில் வீசி எறிந்தான். அது உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது. தம்ளரை எடுத்துக்கொண்டு வந்து, தண்ணீர் பாதி சிந்த, என் மூக்குக்கு முன்னால் நீட்டினான். கோபத்தில் சிந்தியதா வேறெதிலா என்று எனக்குத் தெரியாது.

"போதும்டி. குடிச்சுத் தொலை" என்றான்.

தாயி என்று சொல்லவில்லை. பரவாயில்லை. வாங்கிக் குடித்தேன். தண்ணீர் இறங்கிய வழியெல்லாம் எரிந்தது. குடித்து முடித்து வாழ்த்தைப் பாடினேன்.

'நெருஞ்சி மொளைச்ச எடம்
நெல்லா வெளையட்டும்
பொறந்த வீட்டு வாசலிலே
பொங்கப்பானை பொங்கட்டும்.'

பாடிவிட்டு எழுந்து முந்தானையை உதறினேன். அண்ணன் அதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு லாரியை எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். "நெருஞ்சியாம்ல நெருஞ்சி" என்று முணுமுணுத்ததும் கேட்டது.

இராமலிங்கம் பெட்டியை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டார். "அம்மா, 'குடிச்சுத் தொலை'ங்கறது சடங்குலயே வர்ற சொல்லா, இல்ல ஏச்சா? எதுன்னு எழுதிக்கறது?"

சடங்கென்றால் அது மானிடவியல் என்றார் ஜீப்புக்குள்ளிருந்து மண்டை வாத்தியார். ஏச்சென்றால் அது மொழி என்றார் இராமலிங்கம். மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். ஜீப் இறங்கிப் போய் வளைவில் மறைகிறவரை அவர்கள் சண்டை கேட்டுக்கொண்டே இருந்தது.

நானும் அண்ணனும் அதற்குப் பிறகு ராசியாகிவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எதிரே வந்தால் அவன் ரோட்டின் அந்தப் பக்கம் போவான், நான் இந்தப் பக்கம் துப்புவேன். பேச வேண்டியது இருந்தால் பஷீர் பாய் இருந்தார். அவரும் இரண்டு பக்கத்து ஏச்சையும் பாதியாகக் குறைத்துத்தான் சொல்லியிருப்பார்.

அறுபத்தெட்டில் ஒரு மாசி மாதக் காலை, அண்ணன் மகன் சுவாமிநாதன் என் வாசலில் வந்து நின்றான். வேறு எந்த வீட்டுக்கும் இன்னும் ஆள் போகவில்லை என்றான். "அப்பா போயிட்டாரு அத்தை. மொதச் சேதி ஒங்களுக்குத்தான் சொல்லணும்னு நெனவு இருக்கயிலயே சொல்லிவச்சுட்டாரு."

போனேன். கதவு திறந்துகிடந்தது. அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, அவனைப் பற்றி என் வாயில் வந்த அத்தனையையும், பல்லில் ஆரம்பித்து, ஒன்று விடாமல் பாடினேன். பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. பிணத்தை எடுக்க எல்லாரும் காத்திருந்தார்கள். சுவாமிநாதன் ஒரு தம்ளர் தண்ணீரோடு என் முன்னால் வந்து குனிந்தான். கண் சிவந்திருந்தது. கோயிலில் மந்திரம் சொல்கிற மாதிரி, பயபக்தியாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"போதும் அத்தை. குடிச்சுத் தொலைங்க."

கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டார்கள். அவன் தம்ளரை விடாமல் பிடித்துக்கொண்டு, என் காதருகில் சொன்னான். "இப்படித்தான் சொல்லிக் குடுக்கணும்னு அப்பா சொன்னாரு. வேற எப்படிச் சொன்னாலும் நீங்க நிறுத்த மாட்டீகளாம்."

வாங்கிக் குடித்தேன்.